பத்துச் சட்டை, ஒரே நம்பர்

2006-ல், உலகக்கோப்பை கால்பந்து முடிந்த சூட்டோடு லெப்பைக்குடிகாட்டில் நடந்தது இது. நான் மூணாங்கிளாஸோடு நின்றவன். ஆனால் பெரம்பலூர் பக்கம் என் மிஷினில் தைக்காத கட்சிக்கொடி கிடையாது, பள்ளிக்கூட யூனிஃபார்ம் கிடையாது.

துபாயிலிருந்து லீவில் வந்த பசங்க கடைக்கு வந்தார்கள். ஊரில் கால்பந்துப் போட்டியாம். கோல்கீப்பரிடம் சட்டை இருக்கிறது, மற்ற பத்துப் பேருக்கும் சிவப்புச் சட்டை வேண்டும். முதுகில் எல்லாருக்கும் வெள்ளையில் ஏழு. போர்ச்சுகல் ஆட்டக்காரர் ஒருத்தருடைய நம்பராம்.

"நம்ம கிரிக்கெட்காரங்கள விடப் பெரிய ஆளா தம்பி?" என்று கேட்டேன்.

"எங்க ரூம்ல ஆறு நாட்டுக்காரன் இருக்கான்ணே. கிரிக்கெட்டுன்னா ரெண்டு பேருதான் திரும்பிப் பாப்பான். இவரு பேரச் சொன்னா அத்தன பேரும் எந்திரிச்சு உக்காருவான்" என்றான் கேப்டன்.

இல்லாத வீட்டில் பிறந்து காலை நம்பியே மேலே வந்தவர் என்றும் சொன்னான். நான் கையை நம்பி வந்தவன். அதனால் அந்த மனுஷனைப் பார்க்காமலேயே பிடித்துப்போனது.

ஆட்டத்தில் ஆளுக்கு ஒரு நம்பர் வேண்டும் என்பது எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. கல்யாணத்துக்கு அண்ணன் தம்பிகளுக்கு ஒரே மாதிரி தைப்போமே, அதுபோல ஜோராகத் தைத்துக் கொடுத்தேன். உள்ளூர் ஆட்டம்தானே, யார் கேட்கப்போகிறார்கள் என்று பசங்களும் இருந்துவிட்டார்கள்.

ஃபைனலுக்கு என்னையும் கூப்பிட்டு முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள். பசங்க இறங்கியதுமே, ஃபைனலுக்கென்றே திருச்சியிலிருந்து வந்த நடுவர் விசிலை ஊதிவிட்டார்.

"பத்துப் பேருக்கும் ஏழா? யாரு ஃபவுல் பண்ணான்னு நான் எப்படி எழுதுறது? முக்கால் மணி நேரத்துல மாத்துங்க. இல்லன்னா அவங்க ஜெயிச்சதா எழுதிடுவேன்."

எதிர் அணியில் ஒருத்தன், "டெய்லரு ஏழுக்கு மேல எண்ணப் படிக்கல போல!" என்று கத்தினான். கூட்டமே சிரித்தது. எனக்குக் காது சுட்டது.

"சட்டையக் கழட்டுங்கடா!" என்றேன்.

பக்கத்துத் தெருவில் ஒரு பாய் வீட்டில் தையல் மிஷின் இருந்தது. வெள்ளைத் துணிக்கு எங்கே போவது? கட்டியிருந்த புது வேட்டியை வெட்டுவதற்கு அவிழ்த்துவிட்டு, பாயின் கைலியை வாங்கிக் கட்டிக்கொண்டேன். தைத்த ஏழாம் நம்பரைப் பிரித்தால் நேரம் பத்தாது. அதனால் ஏழைத் தொடவில்லை. அதற்கு முன்னால் ஒன்று, இரண்டு என்று ஒன்பது வரைக்கும் வெட்டி வைத்துத் தைத்தேன். பதினேழு, இருபத்தேழு... தொண்ணூற்றேழு. கேப்டனுக்கு மட்டும் வெறும் ஏழு. பத்துப் பேருக்கும் பத்து நம்பர், ஒருத்தன் முதுகிலிருந்தும் ஏழு போகவில்லை!

நடுவர் ஒவ்வொரு முதுகாகப் பார்த்தார். "யாருங்க இந்த டெய்லர்?" என்று கேட்டு, கைலியோடு நின்ற எனக்குக் கை கொடுத்தார். தொண்ணூற்றேழு போட்ட கோலில் பசங்க ஜெயித்தார்கள். கோப்பையை முதலில் என் கையில்தான் கொடுத்தார்கள்.

தெரியாத வேலைக்குத் தெரிந்த மாதிரி தலையாட்டியது என் தப்புதான். அதை ஊர் பார்க்க என் கையாலேயே தைத்துச் சரி பண்ணினேன் என்பதில் எனக்கு இன்றைக்கும் கர்வம் உண்டு.