கேஷியர் தேடிய வகுப்பு

வங்கியில் பணம் கட்ட வரிசையில் நிற்பவர்கள், தங்கள் முறை வந்துவிட்டதைக்கூட மறந்து கேஷியரின் விரல்களையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கட்டைப் பிரிப்பார், ஒரு ஓரத்தை லேசாக வளைப்பார், அவ்வளவுதான், நோட்டுகள் தாமாக எழுந்து ஓடும். பக்கத்தில் எண்ணும் இயந்திரம் ஒன்றும் உண்டு. அது செய்த தப்பை இவர் கண்டுபிடித்திருக்கிறார். இவர் செய்த தப்பை அது கண்டுபிடித்ததாகச் சரித்திரம் இல்லை. தேன் எடுக்கிறவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்பார்கள். இவர் நக்கவில்லை. அத்தனை வருஷ சர்வீஸில் ஒரு சாயங்காலம்கூடக் கணக்கு இடித்ததில்லை. இப்படிப்பட்ட மனுஷரை ஊர் அண்ணாந்துதான் பார்த்தது. வீடு வாங்கலாமா, நகையை விற்கலாமா என்று தெருவில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும், "எதுக்கும் கேஷியர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ" என்பதுதான் பேச்சு.

ஆனால் எல்லாம் ஊருக்குத்தான் உபதேசம். கேஷியரின் சொந்தச் சம்பளம் மாதத்தின் பாதியைத் தாண்டாது. குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. அவருக்கு இருந்தது ஒரே ஒரு வியாதி. யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்ல நாக்கு எழாது. கைமாற்றுக் கேட்டவனுக்குக் கைமாற்று. தவணையில் சோபா விற்க வந்தவனுக்கு ஒரு கையெழுத்து. கூட வேலை பார்த்தவன் வாங்கிய கடனுக்கு ஜாமீன். அந்த மகராசன் ஊரை விட்டே போய்விட்டான். அவனுடைய தவணை மட்டும் இவர் சம்பளத்தில் மாதாமாதம் பிடிபட்டுக்கொண்டிருந்தது. மகளின் படிப்புக்கென்று போட்டு வைத்திருந்ததும் இந்தப் பள்ளத்தில்தான் விழுந்தது.

இதில் ஒரு எழுத்துகூட மனைவிக்குத் தெரியாது. மகளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. மாதக் கடைசிக்குள் பணம் கட்டாவிட்டால் அந்த இடம் அடுத்தவளுக்குப் போய்விடும். "அதுக்கென்ன, அப்பாதான் எப்பவோ போட்டு வச்சிருக்காரே" என்று தாயும் மகளும் நிம்மதியாக இருந்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்காவது சோறு இருக்கிறது. கேஷியரிடம் அதுவும் இல்லை.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யாராவது சொல்லிக் கொடுத்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. ஊருக்கெல்லாம் யோசனை சொன்ன வாயால் யாரிடம் போய்க் கேட்பது? வகுப்பென்றால் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து கற்றுக்கொண்டு வந்துவிடலாம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் செல்போனில் தேடினார். பெரிய ஓட்டலில் ஒரு வகுப்பு இருந்தது, கட்டணம் அரை மாதச் சம்பளம். பணத்தைக் காப்பாற்றக் கற்றுக்கொள்ள இருக்கிற பணத்தை முதலில் அவர்களிடம் கொடுத்துவிட வேண்டுமாம்! தொழிற்பள்ளியின் மாலை வகுப்பு இரண்டு மாதம் கழித்துத்தான். இலவசமாக ஒன்று இருந்தது, நடத்துவது யாரென்று பார்த்தால் இவருடைய வங்கியேதான். அங்கே போய் உட்கார்ந்தால் மூக்கறுந்த கதைதான்.

கடைசியில் பார்த்தால், தினமும் வங்கிக்குப் போகப் பஸ் விட்டு இறங்குகிற இடத்துக்கு எதிரே, பொது நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் இருந்தது: குடும்ப வரவு செலவு, வியாழக்கிழமை மாலை, இலவசம். இத்தனை வருஷமாக அந்த வழியாகப் போகிறோம், ஒரு நாளும் கண்ணில் படவில்லையே என்று அசந்துபோனார்.

பேர் கொடுக்க உள்ளே போனார். நூலகத்து அம்மா அவரைக் கண்டதும் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"சார்! கும்பிடப் போன தெய்வம் குறுக்க வந்த மாதிரி வந்திருக்கீங்க. வகுப்பு எடுக்கறவருக்குத் திடீர்னு மாத்தலாயிடுச்சு. இத்தனை பேர் பேர் குடுத்திருக்காங்க, ரத்துன்னு எப்படிச் சொல்றதுன்னு தவிச்சுக்கிட்டிருந்தேன். நீங்க எடுக்கறீங்களா?"

"இல்லம்மா, நான் வந்தது..."

"நாலே வாரம்தான் சார். உங்களுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா?"

"சரிம்மா" என்றார் கேஷியர். மருந்து வாங்கப் போன நோயாளி டாக்டராகத் திரும்பி வந்தார். இந்த நாக்கை என்ன செய்தால் தகும் என்று வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டார்.

வியாழக்கிழமை, வங்கியில் வேலை இருக்கிறது என்று வீட்டில் ஒரு பொய். மனைவியும் தங்கச்சி வீட்டுக்குப் போவதாகச் சொல்லியிருந்தாள். நூலக மாடியில் பெஞ்சுகள் நிறைந்திருந்தன. கேஷியர் பலகையில் வரவு என்று ஒரு பக்கமும் செலவு என்று ஒரு பக்கமும் எழுதி, மேற்கொண்டு என்ன எழுதுவதென்று தெரியாமல், ஒவ்வொருவரும் எதற்காக வந்தீர்களென்று சொல்லுங்கள் என்றார். நேரத்தை ஓட்ட வேண்டுமே!

மெக்கானிக் ஒருவர் முதலில் எழுந்தார். "எனக்கு மூணு எடத்துல கடன் சார். நாலாவது எடம் தேடாம இருக்கணும். அதுக்குத்தான் வந்தேன்." தலையைக்கூடக் குனியவில்லை. அடுத்தவர் ஓய்வு பெற்ற வாட்ச்மேன். "வேலைய விட்டப்ப வந்த பணத்த என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல. எம் மகனுங்க தங்களுக்குத் தெரியும்ங்கறானுங்க. அதான் பயமா இருக்கு." எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சேர்ந்து சிரித்தார்.

கேஷியர் மலைத்துப்போனார். கடனை இப்படி நாலு பேர் முன்னால் சொல்ல முடியுமா? சொன்ன பிறகும் ஒரு மனுஷன் கால் மேல் கால் போட்டு உட்கார முடியுமா? எத்தனையோ பேரின் பணத்தைத் தொட்டவர், இப்படி ஒரு தைரியத்தை அவர் கண்டதே இல்லை.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு தெருத் தையல்கார அம்மா வந்தார். அவர் பின்னால் கேஷியரின் மனைவி.

புருஷனைக் கண்டதும் அவள் ஒரு கணம் விழித்தாள். அடுத்த கணம் முகமெல்லாம் பூரிப்பு. "எங்க வீட்டுக்காரர்தான் எடுக்கறாரு" என்று தையல்கார அம்மாவின் தோளில் தட்டினாள். அவள் முறை வந்தது. எழுந்தாள்.

"சாருக்கு என்னைத் தெரியும்" என்றாள், கூட்டம் சிரித்தது. "இவரு சம்பளத்துல ஒரு குறையும் இல்ல. என் கைதான் ஓட்டக் கை. கடை சாத்தற நேரமாப் பாத்துப் போயி மிஞ்சின காய வாங்கறேன். பஸ்ஸுக்குக் குடுக்காம எங்கேயும் நடந்தே போயிட்டு வரேன். அப்பவும் பத்தல. மக படிப்புக்குன்னு இவரு சேத்து வச்சதுல எங்க கை வச்சிடுவேனோன்னு பயமா இருக்கு. அதான் இவருக்குத் தெரியாம கத்துக்கலாம்னு வந்தேன்."

கேஷியருக்கு வெட்கம் பாதி, பிரமிப்பு பாதி. இவ்வளவு நடந்திருக்கிறாளா இவள்?

"அந்தப் பணம் இல்ல" என்றார்.

"என்னங்க?"

"படிப்புக்குப் போட்ட பணம் இல்ல. மூணு வருஷமாச்சு. ஓட்ட உன் கையில இல்ல. என் கையில."

அவள் முகத்திலிருந்த பூரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதை அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"மூணு வருஷமா" என்றாள். "மூணு வருஷமா நான் நடந்துக்கிட்டிருக்கேன்."

பின்பெஞ்சில் இருந்த நூலகத்து அம்மா சமாதானம் சொல்ல எழுந்தார். "நீங்க இருங்கம்மா" என்று அவரை உட்கார்த்திவிட்டு, அவள் நேராகப் பலகைக்கு வந்தாள். புருஷன் கையிலிருந்து சாக்பீஸை வாங்கினாள்.

"யாருக்கு எவ்வளவு? ஒண்ணு விடாம சொல்லுங்க."

சொன்னார். செலவு என்ற வார்த்தைக்குக் கீழே அவள் எழுதினாள். ஒவ்வொன்றுக்கும் பிறகு "வேற?" என்றாள். முதல் "வேற"வுக்கு முழுங்கி முழுங்கிச் சொன்னார். போகப்போகச் சரியாக வந்தது. எல்லாம் முடிந்தபோது பலகையில் பாதிகூட நிறையவில்லை. வருஷக்கணக்காகத் தன் தூக்கத்தைத் தின்றது இவ்வளவுதானா என்று அவரே வியந்து பார்த்தார்.

"அந்தச் சோபாக்காரன எனக்குத் தெரியும் சார். பொருளத் திருப்பி எடுத்துக்கச் சொன்னா எடுத்துக்குவான்" என்றார் மெக்கானிக். ஜாமீன் போட்டவர்களுக்குக்கூடத் தவணையைக் குறைக்கச் சொல்லி மனுக் கொடுக்க வழி இருக்கிறது என்றார் நூலகத்து அம்மா. தினம் அதே மனுக்கள் தன் மேஜையைத் தாண்டிப் போனது கேஷியருக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றைய வகுப்பு இப்படித்தான் நடந்தது. கேஷியர் முதல் பெஞ்சில் உட்கார்ந்து மனைவியை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும், "நாளைக்கு லீவு சொல்லிடுங்க" என்றாள். "காலேஜுக்குப் போயி, பாதிய இப்பவும் மீதியத் தவணையாவும் கட்ட விடுவாங்களான்னு கேக்கணும். இந்தப் பாதிக்கு என் வளையல் இருக்கு."

"சரி. நான் கேக்கறேன்."

"நீங்க வாயே தொறக்க வேணாம். அவங்க முடியாதுன்னா, சரின்னு எந்திரிச்சு வந்துடுவீங்க. பேசறது நான்."

பஸ் வந்து நின்றது. கேஷியர் பழக்கதோஷத்தில் படியில் கால் வைத்தார். அவள் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"எங்க ஏறறீங்க? நடங்க."