கிணற்றுக் குரல்காரியைத் தேடி

வேலையை விட்டு ஏழெட்டு வருஷமாகியும் தெருவில் அவளுக்கு 'டெலிபோன் அக்கா' என்றுதான் பெயர். ஒரு லாரி கம்பெனியின் தலைமை அலுவலகத்தில், மாடிப்படிக்கு அடியில் இருந்த சின்ன அறையில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு காலமெல்லாம் லைன் கொடுத்தவள். கிளை அலுவலகத்தில் அதே வேலை பார்த்தவள் அவளுக்கு உயிர்த்தோழி. கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கனத்த குரல் என்பதால் அக்கா அவளை 'கிணறு' என்றே கூப்பிடுவாள். மேனேஜர்கள் லைனுக்கு வரும்வரை கிடைக்கும் இடைவெளியில் கல்யாணம், பிரசவம், வீட்டுச் சண்டை எல்லாவற்றையும் துண்டு துண்டாகப் பேசித் தீர்த்தார்கள். நேரில் பார்த்ததே இல்லை. இருபத்தைந்து வருஷத்துக்கு முன் கம்பெனி கைமாறியபோது கிளையை மூடிவிட்டார்கள். ஒரு நாள் காலை அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. இருவர் வீட்டிலும் அப்போது போன் கிடையாது.

ஆளைத் தேடித் தரும் இணையதளம் ஒன்று இருக்கிறது என்று மருமகள் சொன்னதும் அக்காவுக்குக் கை பரபரத்தது. பெயரையும் ஊரையும் போட்டதும் திரை முழுக்க முகங்கள்.

"இதுல யாரு அத்தை உங்க ஃப்ரெண்டு?"

"முகம் எனக்கு எப்படிம்மா தெரியும்? இதெல்லாம் வாயைத் திறந்து பேசுமா?"

மருமகள் சிரித்து ஓய்ந்தாள். படத்துக்குக் கீழே எண் இருந்தவர்களை எல்லாம் அக்காவே கூப்பிட்டாள். 'ஹலோ' என்ற ஒரு சொல் போதும். அவள் இல்லையென்றால் மன்னிப்புக் கேட்டு வைத்துவிடுவாள். ஒருத்தி, ஏதோ விற்க வந்தவள் என்று நினைத்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். இன்னொருத்தியோ, தேடுகிற ஆள் தான் இல்லை என்று தெரிந்த பிறகும் முட்டிவலியைப் பற்றிப் பேசிக்கொண்டே போனாள்.

"ஒருத்தியைத் தேடுறேன்னு ஊரையே சொந்தமாக்கிட்டு வந்துடாதே," என்றார் வீட்டுக்காரர்.

மறுநாள் கூப்பிட்ட எண்ணில் ஓர் இளைஞன் எடுத்தான். அக்கா வாயைத் திறக்குமுன் அவனுக்குப் பின்னாலிருந்து ஓர் அதட்டல்: "யாருடா? கேஸ்காரரா? சிலிண்டரை வாசல்ல வெச்சுட்டுப் போகச் சொல்லு."

அக்காவுக்கு அந்தக் குரல் போதும். "தம்பி, கிணத்துகிட்ட போனைக் குடுப்பா."

"யாருகிட்ட?" என்றான் அவன் குழம்பிப்போய். அதற்குள் போன் கைமாறியிருந்தது. "நான்தான்டி," என்றாள் அக்கா, கம்மிப்போன குரலில்.

"என்னடி, ஜலதோஷமா? குரல் கட்டியிருக்கே," என்றாள் கிணறு.

அந்த ஞாயிற்றுக்கிழமை மருமகள் வீடியோ போட்டுக் கொடுத்தாள். ஆறடிப் பெண்ணை மனதில் வைத்திருந்த அக்காவுக்கு, திரையில் குருவிபோல் ஒரு சின்ன உருவத்தைப் பார்த்ததும் என்னவோபோல் ஆகிவிட்டது.

"சாப்பிட்டாச்சா?" என்றாள் அக்கா.

"ஆச்சு. நீங்க?"

"என்னடி, நீங்க வாங்கங்கறே?"

"யாரோ வீட்டுக்கு விருந்துக்கு வந்த மாதிரி இருக்குடி. இந்தப் படத்தை அணைச்சுடலாமா?"

அணைத்தார்கள்.

"இப்ப சொல்லு," என்றது கனத்த குரல். "அன்னிக்குப் பாதியில விட்டியே, உன் மாமியார் கடைசியில பீரோ சாவியைக் குடுத்தாங்களா, இல்லையா?"

அக்கா காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள். அடுப்பில் இருந்த சோறு குழைந்துபோனது. வீட்டுக்காரர் அன்றைக்கு அதிலேயே மோரை ஊற்றிக் கரைத்துச் சாப்பிட்டார்.