மாசாணியம்மாள் எட்டிப் பார்த்த ஓட்டை

பெருந்துறை தொழிற்பேட்டைக்குப் பின்பக்கம், நூல் மில்களுக்கு அட்டைப்பெட்டி செய்து கொடுக்கும் சின்னக் கம்பெனி ஒன்று இருக்கிறது. அதன் முதலாளி மாசாணியம்மாள். சின்ன வயதில் அன்னூர்ப் பக்கம் அடுத்தவர் காட்டில் களை வெட்டினார். பிறகு பதினெட்டு வருஷம் அடுத்தவர் கம்பெனியில் பெட்டி ஒட்டினார். நாற்பத்தெட்டு வயதில், பேங்க் லோனில் பழைய மெஷின் இரண்டை வாங்கிப் போட்டுத் தானே கம்பெனி தொடங்கிவிட்டார். வேலைக்குப் பதினான்கு பேர். அவரை யாராவது “முதலாளியம்மா” என்று கூப்பிட்டால் கோபம் வரும். “அக்கா” என்று கூப்பிட்டுவிட்டு லீவு கேட்டால் அதைவிடக் கோபம் வரும்.

இரண்டாயிரத்து இருபத்து நான்கு கார்த்திகையில், கோயமுத்தூரிலிருந்து கிருபாசங்கர் என்ற ஏஜென்ட் ஒரு ஆர்டரோடு வந்தார். ஓட்டுச் சாவடியில் மேஜைமேல் வைக்கிற மூன்று பக்க அட்டை மறைப்பு. இருபதாயிரம் வேண்டும்.

“இது ஆருக்குங்க?” என்றார் மாசாணியம்மாள்.

“ஆப்பிரிக்காவுல ஒரு நாட்டுக்குங்க அக்கா. பணம் போடறது இன்னொரு அரசாங்கம். அவங்க ஒரு அமைப்புக்குக் குடுப்பாங்க. அமைப்பு ஒரு கான்ட்ராக்ட் கம்பெனிக்குக் குடுக்கும். அவங்க டில்லிக் கம்பெனிக்கு. டில்லி எனக்கு. நான் உங்களுக்கு.”

“ஓட்டுப் போடறவங்களுக்கு இந்தச் சங்கதியெல்லாம் தெரியுமுங்களா?”

கிருபாசங்கர் சிரித்துவிட்டு ஒப்பந்தத்தை நீட்டினார். அறுபத்து நான்கு பக்கம், அத்தனையும் இங்கிலீஷ். மாசாணியம்மாள் அதைப் படித்துச் சொல்லும்படி யாஸ்மினிடம் கொடுத்தார். பி.காம் முடித்துவிட்டு வேறு வேலை கிடைக்கும்வரை என்று பசை ஒட்ட வந்து மூன்று வருஷமாக ஒட்டிக்கொண்டே இருக்கிற பெண் அவள். அவளிடம் கொடுத்தது எவ்வளவு பெரிய தப்பு என்று மறுநாள் காலையிலேயே தெரிந்துபோயிற்று.

“அக்கா, நாப்பத்தியொண்ணாம் பக்கத்துல ஒண்ணு போட்டிருக்குதுங்க. ஆர்டர் எடுக்கற கம்பெனியில தொழிலாளர் கமிட்டி இருக்கோணுமாமா. அதோட தலைவரை ரகசிய ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கோணுமாமா.”

“நம்ம சென்னகிருஷ்ணன் பேரை எழுதிப் போடு கண்ணு. முடிஞ்சுது வேலை.”

சென்னகிருஷ்ணன் அங்கே சூப்பர்வைசர். மாசாணியம்மாள் தும்மினால் கூடவே தும்முகிற மனிதர். ஆனால் டில்லிக் கம்பெனி விடவில்லை. அங்கே வேலை பார்க்கும் அன்புக்கரசி என்ற தமிழ்ப் பெண்மணி, தேர்தலை வீடியோ காலில் நேரடியாகப் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டார். அறிமுகத்துக்காக முதல் தடவை அவர் போனில் வந்தபோது, “போட்டியிட விருப்பம் உள்ளவங்க கை தூக்குங்க” என்றார். சென்னகிருஷ்ணன் தூக்கினார். யாஸ்மினும் தூக்கினாள். மாசாணியம்மாள் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே பல்லைக் கடித்தார்.

சென்னகிருஷ்ணன் பைக் சின்னம் எடுத்தார். யாஸ்மின் தாழ்ப்பாள் சின்னம். பெண்கள் கக்கூஸுக்கு இரண்டு வருஷமாகத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதற்குமேல் யாஸ்மின் பிரசாரம் எதுவும் செய்யவில்லை.

தேர்தலுக்கு முந்தின நாள் மதியம் சென்னகிருஷ்ணன் பேரில் எல்லோருக்கும் பிரியாணி வந்தது. வரவழைத்தவர் மாசாணியம்மாள். யாஸ்மின் உட்பட எல்லோரும் திருப்தியாகச் சாப்பிட்டார்கள். அந்தத் திருப்தியைப் பார்த்ததும் மாசாணியம்மாளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

ஓட்டுப் போடுவதற்கு, சாம்பிளாகச் செய்த முதல் மறைப்பையே மேஜைமேல் வைத்தார்கள். தூக்கிப் போக வசதியாக அதன் நடுப்பலகையில் கை நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. வெளிநாட்டிலிருந்து வந்த டிசைன் அது. கிருபாசங்கர் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். டில்லியிலிருந்து அன்புக்கரசி பார்த்துக்கொண்டிருந்தார். பசை சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதுபோல மாசாணியம்மாள் மறைப்புக்கு எதிர்ப்பக்கம் போய்க் குனிந்தார்.

முதல் ஓட்டு, தாழ்ப்பாள். இரண்டாவது, தாழ்ப்பாள். மூன்றாவதும் தாழ்ப்பாள். தின்ற பிரியாணி எங்கேதான் போயிற்று? நான்காவதாக வந்தது, அங்கேயே பெட்டி ஒட்டுகிற சென்னகிருஷ்ணனின் சம்சாரம் சாவித்திரி. இதாவது பைக்காக இருக்கும் என்று நம்பிக்கையோடு குனிந்தவருக்கு, ஓட்டைக்குள் சீட்டு தெரியவில்லை. ஒரு கண் தெரிந்தது.

“ஏனுங்கக்கா, என்னத்தையுங்க தேடறீங்க?” என்றது கண்.

கம்பெனியே நின்றுபோயிற்று. போனிலிருந்து அன்புக்கரசியின் குரல்: “அம்மா, நீங்க அங்க என்ன செய்யறீங்க?”

மாசாணியம்மாள் நிமிர்வதற்குள் பதில் தயாராகிவிட்டது. “சோதிச்சுப் பாக்கறேனுங்க. இந்த ஓட்டை நேரா கண்ணு மட்டத்துல இருக்குது பாருங்க. அந்த ஊர்ல எவனாச்சும் இப்படி எட்டிப் பாத்தான்னா, ஓட்டுப் போடறவங்க கதி என்னுங்க ஆவறது? மூணு பேர்த்துக்குப் பாத்துப்போட்டேன். அத்தனையும் பளிச்சுன்னு தெரியுது.”

அதன்பின் அன்புக்கரசி, போட்ட ஓட்டுகளையெல்லாம் ரத்து செய்து, ஓட்டையை டேப் போட்டு மூடி, முதலிலிருந்து தொடங்கச் சொன்னார். யாஸ்மின் ஒரு சுற்றுக்கு நான்கு சுற்று டேப் ஒட்டினாள். முடிவு: தாழ்ப்பாளுக்குப் பதின்மூன்று, பைக்குக்கு ஒன்று. அந்த ஒன்றைப் போட்டது சென்னகிருஷ்ணனா சாவித்திரியா என்ற பேச்சு அவர்கள் வீட்டில் ஒரு வாரம் ஓடியது.

பத்து நாள் கழித்து அந்த வெளிநாட்டு அமைப்பிடமிருந்து கடிதம் வந்தது. டிசைனில் இருந்த பெருங்குறையைப் பொறுப்போடு சோதித்துக் கண்டுபிடித்த பெருந்துறைக் கம்பெனிக்குப் பாராட்டு. இருபதாயிரம் மறைப்பிலும் ஓட்டை அடிப்பக்கம் இறக்கப்படும். யாஸ்மின் அதைத் தமிழில் சொல்லி முடித்தபோது, மாசாணியம்மாள் ஒருத்தர் முகத்தையும் பார்க்காமல், “தாழ்ப்பாள் வாங்கியாந்தாச்சா?” என்றார். வாங்கி வந்தார்கள். பசைத் தொட்டிப் பக்கம் ஒரு ஃபேனும் வந்தது.

தை முடிகிற நேரத்தில் பன்னிரண்டாயிரம் மறைப்பு தயாராகிக் கூரையை முட்டிக்கொண்டு நின்றது. அன்றைக்குக் கிருபாசங்கர் போன் செய்தார். “அக்கா, வேலையை நிறுத்திப்போடுங்க. பணம் போடற அரசாங்கம் இந்த மாதிரி உதவியெல்லாம் இனிமேல் கெடையாதுன்னு சொல்லிப்போட்டாங்களாமா.”

மாசாணியம்மாள் அன்று சாப்பிடவில்லை. அட்டை அடுக்குகளுக்கு நடுவே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பதினான்கு பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மூன்று பக்கம் மட்டும் இருக்கிற பெட்டியில் எந்த மில்காரன் நூல் போடுவான்?

மறுநாள் யாஸ்மின் கமிட்டியைக் கூட்டினாள். கூப்பிடாமலே மாசாணியம்மாளும் போய் ஓரமாக உட்கார்ந்தார்.

“அக்கா, அவங்க பணத்தைத்தானுங்க நிறுத்தியிருக்காங்க. அந்த நாட்டுல எலக்‌ஷனை நிறுத்தலீங்களே?” என்றாள் யாஸ்மின். சரக்கு போய்ச் சேர வேண்டிய இடம் என்று, அந்த நாட்டுத் தேர்தல் ஆணையத்தின் முகவரியும் மெயிலும் ஒப்பந்தத்திலேயே இருந்தது. டில்லிக்காரர்கள் மறந்துபோய்ச் சேர்த்து அனுப்பிய இன்னொரு பக்கமும் இருந்தது. அதில் ஒரு மறைப்புக்குப் பணம் போடுகிற அரசாங்கத்திடம் கேட்டிருந்த விலை, மாசாணியம்மாள் கைக்கு வருகிற விலையைப்போல ஒன்பது மடங்கு.

“இத்தனை கை மாறி வந்தா அப்படித்தான்” என்று முனகினார் மாசாணியம்மாள். “எழுது கண்ணு. நம்ம ரேட்டுல ரெண்டு மடங்கு. கப்பல் செலவு அவங்களோடது.”

ஒன்பதாம் நாள் அந்த நாட்டு அதிகாரி ஒருவர் போனில் வந்தார். யாஸ்மின் இங்கிலீஷில் பேசினாள். அவர் விலையை மூன்று முறை திருப்பிக் கேட்டார்.

“என்னங்கறாரு?” என்றார் மாசாணியம்மாள்.

“இவ்வளவு கம்மியா இருக்குதே, தரம் கெட்ட சரக்கான்னு கேக்கறாருங்கக்கா.”

“அப்படியா! அப்ப இன்னுஞ் சித்தெ ஏத்திச் சொல்லு அம்மணி.”

யாஸ்மின் போனைக் கையால் பொத்திக்கொண்டாள். “கமிட்டி ஒத்துக்காதுங்கக்கா.”

ஏற்றவில்லை. பாக்கி எட்டாயிரத்தையும் செய்யச் சொல்லி அந்த நாடே ஆர்டர் கொடுத்தது. சேதி தெரிந்ததும் கிருபாசங்கர் கமிஷன் கேட்டு ஓடி வந்தார். மாசாணியம்மாள் டீ வரவழைத்துக் கொடுத்து, பிரியமாக விசாரித்து, தூத்துக்குடிக்கு லாரி பிடித்துக் கொடுக்கிற வேலையை அவரிடம் ஒப்படைத்தார். அவரும் செய்தார்.

அந்த நாட்டில் தேர்தல் நடந்த அன்று காலை பதினொரு மணிக்கு, அதிகாரி ஒரு சின்ன வீடியோ அனுப்பினார். பதினைந்து தலைகள் ஒரு போனுக்குமேல் கவிழ்ந்தன. ஏதோ ஒரு பள்ளிக்கூட வகுப்பறை. முதுகில் குழந்தையைக் கட்டிய ஒரு பெண், மறைப்புக்குப் பின்னால் போய், நிதானமாக எதையோ குத்திவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே வந்தாள். சாவித்திரி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வீடியோவை இன்னொரு தடவை போடச் சொல்லி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார் மாசாணியம்மாள்.

“எடது பக்கத்தை உள்ளுக்கு மடிச்சு வெச்சிருக்கறானுக பாரு, அந்தப் பக்கமிருந்து எட்டிப் பாத்தாத் தெரியும். வெளியில மடிக்கோணும்னு படம் போட்டுத்தானே தாட்டிவிட்டோம்? அந்த ஆபீசருக்குப் போனைப் போடு.”

“அக்கா, அங்க இப்ப ஓட்டுப் போட்டுட்டு இருக்காங்க.”

“அதுக்குத்தான் சொல்றேன். முடிஞ்சுபோச்சுன்னா பொறவு எங்க மாத்தறது? போடு கண்ணு, நானே பேசறேன்.”