அத்தானின் கிளச் பெடல்

அக்கா வீட்டு முன்கதவு காற்றுக்கு அடித்துச் சாத்தாமல் இருக்க ஒரு கிளச் பெடலை முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறாள். அலுமினியத்தில் செய்து, வரிசையாகத் துளை போட்டு, கண்ணாடி மாதிரி மினுக்கியது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதை ஏதோ அலங்காரப் பொருள் என்று நினைத்துக் காலை ஒதுக்கி நடப்பார்கள். நான் ஒதுக்குவதில்லை. உள்ளே போகும்போது சப்பாத்து நுனியால் ஒரு தட்டு, வெளியே வரும்போது இன்னொரு தட்டு. அதை வாங்கியவர் என் அத்தான், அக்காவின் கணவர். இறந்தவரைப் பற்றிக் குறை சொல்லக்கூடாதாம். உயிரோடு இருந்தபோது எங்களை வாய் திறக்க விட்டிருந்தால் நான் அப்போதே சொல்லி முடித்திருப்பேன்.

அத்தானுக்கு ஒரு கார் ஆசை. அந்தக் காலத்துப் பந்தயங்களில் ஓடிய, கூரையில்லாத, இரண்டே பேர் இருக்கக்கூடிய கார். அசலை வாங்குவதற்கு எங்காவது அரச குடும்பத்தில் பிறந்திருக்க வேண்டும். நகலென்றால் உடம்பை ஓரிடத்தில், எஞ்சினை இன்னோரிடத்தில் வாங்கி வீட்டு கராஜிலேயே ஒன்றாகப் பொருத்திப் பூட்டிக்கொள்ளலாம். அப்படித்தான் ஒரு நாள் சிவப்பு நிறத்தில் ஒரு வெறும் கூடு லொறியில் வந்து இறங்கியது. அதற்கு இடம் விட்டு அக்காவின் சின்னக் கார் தெருவுக்குப் போனது.

அந்தச் சின்னக் காரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஊரில் போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து போகும்போது ஷெல் துண்டு பட்டு அக்காவின் இடது கணுக்கால் மடங்காமல் போய்விட்டது. நடப்பாள், நிற்பாள், ஆனால் அந்தப் பாதத்தால் எதையும் அழுத்த முடியாது. சிட்னிக்கு வந்து ஓட்டோ கியர் காரைக் கண்டபோதுதான் இடது காலே இல்லாமல் கார் ஓட்டலாம் என்று அவளுக்குத் தெரிந்தது. லைசென்ஸ் எடுத்த நாள் என்னைக் கூட்டிக்கொண்டு ஹரிஸ் பார்க் கடைத்தெருவுக்குப் போய், ஜிலேபி வாங்கித் தந்தாள்; காருக்குள்ளேயே இருந்து இரண்டு பேரும் சாப்பிட்டோம். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்தக் காரில்தான் முதியோர் இல்லத்து வேலைக்குப் போய் வந்தாள். தெருவில் நின்ற அதை ஒரு மாலை ஆலங்கட்டி மழை சல்லடையாக்கியது. காப்புறுதிக் காசு எஞ்சின் கணக்குக்குப் போனது. "இனி உனக்கேன் வேற கார்? இது முடியட்டும், உன்னை ராணி மாதிரிக் கூட்டிக்கொண்டு போறன்" என்றார் அத்தான். கூட்டிக்கொண்டு போகிறாராம்!

எஞ்சின் தெரிவு தொடங்கியது. என் கல்யாணப் பேச்சுக்கூட இவ்வளவு நாள் இழுபடவில்லை. கூட்டை விற்றவர் இரண்டு வழி சொல்லியிருந்தார். ஆறு சிலிண்டர் எஞ்சினோடு ஓட்டோ கியர். அல்லது பெரிய எட்டு சிலிண்டர் எஞ்சினோடு கையால் மாற்றும் கியர்; அதற்கு ஒவ்வொரு முறையும் இடது காலால் கிளச்சை அழுத்தவேண்டும். அத்தான் இந்தக் கேள்வியை மேய்ஸ் ஹில் கோயிலுக்குக் கொண்டுபோனார். வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து சாப்பாட்டு மண்டபத்தில் இருக்கும்போது, சாம்பாரை விடப் புகைபோக்கியைப் பற்றித்தான் அதிகம் பேச்சு. புகைபோக்கி பக்கவாட்டிலா பின்னாலா, சில்லுக்குக் கம்பி வைப்பதா வார்ப்பா, ஸ்டியரிங் மரத்திலா தோலிலா. வாழ்நாளில் ஒரு பொனட்டைத் திறந்து பார்க்காத, ஓய்வு பெற்ற கணக்காளர் ஒருவர் இருந்தார். அவரை அங்கிள் என்போம். "செய்யிறதெண்டால் எட்டு சிலிண்டர் செய். ஆறு போட்டால் சனம் சிரிக்கும்" என்று அவர்தான் தீர்ப்புச் சொன்னார். மண்டபம் முழுக்கத் தலையாட்டியது. அவர்களில் ஒருவர்கூட அந்தக் காரில் ஏறப் போவதில்லை.

அன்றைக்குத்தான் அக்கா ஒரே ஒரு தடவை கேட்டாள். பாயாசக் கிண்ணத்தை அத்தானுக்கு முன்னால் வைத்துக்கொண்டு, "இஞ்சருங்கோ, ஓட்டோ போட்டால் நானும் ஓடலாமெல்லோ" என்றாள். குரல் அவ்வளவு சின்னது. அத்தான் அவளைப் பார்க்கவில்லை, அங்கிளைப் பார்த்துச் சிரித்தார். "ஸ்போர்ட்ஸ் காருக்கு ஓட்டோவாம்! வேட்டிக்கு ஸிப் வைக்கச் சொல்லுற மாதிரியெல்லோ கிடக்கு." எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். நான் ஏதோ சொல்ல எழும்ப, அவள் மேசைக்குக் கீழே என் சீலையைப் பிடித்து இழுத்து இருத்திவிட்டாள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னதாகிவிடும். கூட்டோடு வாங்கக்கூடிய மேலதிகப் பொருட்களில் அத்தான் அக்காவுக்கென்றே ஒன்றைத் தெரிவுசெய்தார். ஓட்டுபவருக்குப் பக்கத்து ஆசனத்துக்கு முன்னால் பூட்டும் ஒரு கால்தாங்கி. அவளுடைய இடது பாதம் எந்தச் சரிவில் நோகாமல் இருக்கும் என்று கதிரையில் இருத்தி, பலகைத் துண்டுகளை வைத்து வைத்துப் பார்த்து, அதற்கேற்ப வளைத்துச் செய்வித்தார். முழங்காலில் நின்று அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, "நோகுதோ? இப்ப நோகுதோ?" என்று கேட்டதை நான் பார்த்தேன். அன்புதான். இல்லையென்று நான் சொல்லவில்லை. அந்த அன்பு ஒரு ஆசனம் தள்ளி வந்திருக்கலாமே என்பதுதான் என் வயிற்றெரிச்சல். அந்தக் காலை அவ்வளவு அறிந்த மனிதர்தான் அந்தக் கிளச்சையும் வாங்கினார்.

எஞ்சின் வந்தது. வீட்டில் பூட்டும் காரைத் தெருவில் விட, அதற்கென்று இருக்கும் இன்ஜினியர் ஒருவர் பார்த்துக் கையெழுத்து வைக்கவேண்டும். எஞ்சினைக் கூட்டுக்குள் இறக்க முன் அவரிடம் காட்டச் சொல்லிக் கூட்டை விற்றவர் படித்துப் படித்துச் சொன்னார். ஆனால் இன்ஜினியர் தந்த நாள் ஆடிக்குள் விழுந்தது, ஆடியில் நல்ல காரியம் தொடங்கலாமா என்று ஐயரைக் கேட்டால் அவர் என்ன சொல்வார்? அதனால் முகூர்த்தம் முந்திக்கொண்டது. கராஜ் வாசலில் நிறைகுடம், குத்துவிளக்கு. எஞ்சின் சங்கிலியில் தொங்குகிறது, அதன் கழுத்தில் மாலை, நெற்றியில் சந்தனம் குங்குமம். மாப்பிள்ளை அழைப்பு மாதிரி அங்கிள் பட்டு வேட்டியில் முன்வரிசையில் நின்றார். ராகு காலம் வருகிறது, கெதியாய் இறக்குங்கோ என்று ஐயர் அவசரப்படுத்தினார். அக்கா விடிய எழும்பி வடை சுட்டு, கேசரி கிண்டி, அந்தக் காலோடு குசினிக்கும் கராஜுக்கும் நடந்தபடி இருந்தாள்.

ஆடியில் இன்ஜினியர் வந்தார். சுற்றிப் பார்த்தார். மாலை காய்ந்து போயிருந்தது. இந்த எடையுள்ள காருக்கு இவ்வளவு பெரிய எஞ்சினை அனுமதிக்க முடியாது, ஆறு சிலிண்டர் போட்டால் கையெழுத்து வைக்கிறேன் என்று ஆறுதலாகத்தான் சொன்னார். அத்தான் அதைத் தன்மானப் பிரச்சினையாக்கினார். "வெள்ளையன் எங்கட ஆக்களை முன்னுக்கு வர விடான்" என்றார். மாற்ற மாட்டேன் என்றார். ஐயரைக் கொண்டு பூசை செய்து இறக்கிய எஞ்சினைக் கழற்றுவது அபசகுனம் என்றார். கார் கராஜிலேயே நின்றது. ஞாயிறு காலைகளில் கதவைத் திறந்து, எஞ்சினை முடுக்கி, தெரு அதிர உறுமவைத்து, மறுபடி சாத்துவார். அந்த உறுமலைக் கேட்டுக்கொண்டே அக்கா பஸ் பிடிக்கப் போவாள். பரமட்டாவில் இறங்கி மற்றப் பஸ்ஸுக்கு ஓடவேண்டும். அவளால் ஓட முடியாது. மழையிலும் வெயிலிலும் அடுத்ததற்குக் காத்திருந்தாள். நான் என் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றால், "அவர் ஒரு மாதிரி நினைப்பார்" என்பாள். அவரை அந்த நாட்களில் நான் வெறுத்தேன். இதில் மழுப்ப ஒன்றுமில்லை.

பிறகு அத்தானுக்கு மாரடைப்பு வந்தது. செத்தவீட்டில் அங்கிள் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, மனைவியைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்த மனிதர் என்று பேசினார். நான் எழும்பி வெளியே வந்து கார்த் தரிப்பிடத்தில் நின்றேன். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

அக்கா காரை விற்றுவிடுவாள் என்றுதான் நினைத்தேன். செத்தவீட்டுத் துடக்குக் கழிந்து கொஞ்சக் காலத்தில் அவள் ஒரு மெக்கானிக்கை வரவழைத்தாள். எட்டு சிலிண்டரைக் கழற்றி விற்று, ஆறு சிலிண்டரும் ஓட்டோ கியரும் போடச் சொன்னாள். நாள் பார்க்கவில்லை, வடை சுடவில்லை, முதலில் இன்ஜினியரைத்தான் கூப்பிட்டாள். அதே மனிதர் வந்து பார்த்துக் கையெழுத்து வைத்தார். கிளச் பெடலை மெக்கானிக் குப்பைக்குப் போடப் போனபோது, "அதை இஞ்ச தாங்கோ" என்று வாங்கிக்கொண்டாள்.

போன மாதம் காரைக் கோயிலுக்குக் கொண்டுபோய் எலுமிச்சம்பழம் நசுக்கினோம். அங்கிள் வந்து சிவப்பு மட்காட்டைத் தடவி, கண் கலங்கி, "அவர் இருந்திருந்தால் எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பார்" என்றார். நான் வாய் திறக்க முன், ஸ்டியரிங்குக்கு முன்னால் இருந்தபடியே அக்கா சொன்னாள், "இல்லை அங்கிள். அவர் இருந்திருந்தால் நான் இந்தப் பக்கம் இருந்திருக்க மாட்டன்." இந்தத் தடவை அவள் குரல் சின்னதாக இல்லை. அங்கிள் கையை மட்காட்டிலிருந்து எடுத்துக்கொண்டார்.

அங்கிருந்து அக்கா ஓட்ட, நேராக ஹெலன்ஸ்பர்க் பெருமாள் கோயிலுக்குப் போனோம். காற்று முகத்தில் அறைந்தது. நான் இருந்த பக்கம் குனிந்து பார்த்தேன். கால்தாங்கி இருந்த இடத்தில் வெறும் ஆணித் துளைகள். அது அக்காவின் பக்கம், கிளச் இருந்த அதே இடத்தில் பூட்டியிருந்தது. அவளுடைய இடது பாதம் அதில் சாய்ந்து இருந்தது. நோகுதோ என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

திரும்பி வந்து வீட்டுக்குள் போகும்போது, வழக்கத்தை விடப் பலமாகவே பெடலை உதைத்தேன். கதவு தடாரென்று சாத்திக்கொண்டது. "இந்தச் சனியனை எடுத்து எறியன் அக்கா" என்றேன். அவள் நொண்டி நொண்டி வந்து, கதவைத் திறந்து, பெடலை எடுத்து, பழைய இடத்தில் காலால் தள்ளி இறுக்கினாள்.

"ஏனடி எறிவான்? இப்பதானே அது எனக்கு உதவுது."