கண்ணுச்சாமியின் முதுகு

மத்தியானச் சாப்பாடு முடிந்து பட்டறைக் கட்டிலில் சாய்ந்தால் பலவேசத்துக்கு அந்தக் கனவு வந்துவிடும். ஆனைக்குட்டத்துக் கிணற்றுமேட்டில் ஒரு கொட்டகை. உள்ளே ஒரு சீமை ஆயில் எஞ்சின், ஒற்றைச் சிலிண்டர், ஆள் இடுப்பு உயரம். அதை ஓட்டுகிற கண்ணுச்சாமி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். அவர் தோளுக்கு மேலே நூல்மாதிரி ஒரு புகை எழும்பும். தீ இருக்காது. புகை மட்டும் அவசரமே இல்லாமல் கூரை வரைக்கும் போய் அங்கேயே தங்கிக்கொள்ளும். பலவேசம் சுற்றி வந்து அவர் முகத்தைப் பார்க்கப் போவார். எந்தப் பக்கம் போனாலும் முதுகுதான் இருக்கும்.

கனவு சும்மா வரவில்லை. ஐம்பது வருசத்துக்கு முன்னால் நடந்ததுதான் வருகிறது. அப்போது பலவேசத்துக்குப் பத்தொன்பது வயது. மூணாங்கிளாஸோடு படிப்பை முடித்துக்கொண்டு, சிவகாசிப் பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து, பார்த்துப் பார்த்தே தொழிலைப் பிடித்தவர். கண்ணுச்சாமிக்குக் காய்ச்சல் என்று தோட்டத்து முதலாளி பெத்தணன் ஆள் அனுப்பினார். பலவேசம் போய் விடிந்ததிலிருந்து உச்சிவெயில் வரை ஹேண்டிலைச் சுற்றினார். உள்ளங்கைத் தோல் உரிந்ததுதான் மிச்சம். கடைசியில் கண்ணுச்சாமியைப் போர்வையோடு கூட்டிவந்தார்கள்.

“எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்கப்பா” என்றார் அவர்.

பலவேசம் மட்டும் ஓரக்கண்ணால் பார்த்தார். முதுகு தெரிந்தது. ஏதோ முணுமுணுப்பு கேட்டது. நூல்மாதிரிப் புகை. அப்புறம் ஒரே சுற்று, எஞ்சின் டுபு டுபு என்று பேச ஆரம்பித்துவிட்டது.

“மெசின் ஆளப் பாத்துத்தாம்லே பேசும்” என்று பெத்தணன் சிரித்தார். கிணற்றுமேடே சிரித்தது. கண்ணுச்சாமி மந்திரம் போடுகிறார் என்று ஊர் நம்பியது. பலவேசம் நம்பவில்லை. நம்பாததால் இன்னும் கொஞ்சம் கூடவே வலித்தது.

அதுக்கப்புறம் பலவேசம் தொட்டு ஓடாத எஞ்சின் இந்தச் சீமையில் கிடையாது. ஆலங்குளத்துக் கல்லுடைக்கிற மெசினா, அச்சாபீஸ் ஜெனரேட்டரா, கரிசக்காட்டு பம்புசெட்டா, எது வந்தாலும் காதை வைத்துக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவார். எஞ்சினியருக்குப் படித்தவர்கள் காரில் வந்து இறங்கி, கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டுப் போயிருக்கிறார்கள். விருதுநகர் ரோட்டில் ‘பலவேசம் எஞ்சின் ஒர்க்ஸ்’ என்று ஒரு பலகை நிற்கிறதென்றால் அது அவருடைய ரெண்டு கையும் சேர்ந்து தூக்கி வைத்தது. வேறு எவன் கையும் அதில் படவில்லை.

ரெண்டு வருசத்துக்கு முன்னால் பெத்தணனின் பேரன் தங்கப்பாண்டியன் கொட்டகையை இடித்தான். “தாத்தா காலத்துச் சாமான், நீங்களே வச்சுக்கிடுங்கய்யா” என்று அந்த எஞ்சினை லோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டான். துருவேறி, பாதி உறுப்பு இல்லாமல் வந்து இறங்கியது. பேர்த்தகட்டில் இருந்ததை இங்கிலீசு படித்தவர்களாலும் வாசிக்க முடியவில்லை. ஏதோ வேற நாட்டு எழுத்து.

பலவேசம் அலைந்தார். டீசல் பம்புக்கு உள்ள பாகம் தூத்துக்குடியில் படகு எஞ்சின் கடையில் மீன்வாடையோடு கிடைத்தது. டீசலைப் பீய்ச்சுகிற நாசில் கோயமுத்தூரில். வேகத்தைக் கட்டுப்படுத்துகிற ஸ்பிரிங் எங்கேயுமே இல்லை. கடைசியில் எடைக்குப் போக நின்ற ஒரு பழைய அச்சு மெசினில் அதே அளவில் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. ஆயில் கசியாமலிருக்க மூடிக்கு அடியில் காலண்டர் அட்டையை வெட்டி வைத்தார். சிலிண்டர் தலையில் சுண்டுவிரல் பருமனுக்கு ஒரு திருகு. அதன் உள்முனை அரித்துப்போய்க் குழியாகக் கிடந்தது. அதைத் தூக்கிப் பழைய இரும்போடு போட்டுவிட்டு, பித்தளையில் புதுசாக ஒன்று கடைந்தார். முனை கண்ணாடிமாதிரி இருந்தது. “சீமைக்காரன் செஞ்சதவிட இது சுத்தம்” என்று வருகிறவர்களுக்கெல்லாம் கழற்றிக் காட்டினார்.

பழைய இரும்புக் கடை தனுஷ்கோடி சின்ன வயசுச் சேக்காளி. அவர் ஒருநாள் வந்து எஞ்சினைச் சுற்றிப் பார்த்தார்.

“ஏலே, இது ஓடுமா? இல்ல உன்னய மாதிரி ஒக்காந்து பேசிக்கிட்டேதான் இருக்குமா?”

“ஆயுத பூசையன்னிக்கு ஓடும். பத்துப் பேரக் கூட்டிக்கிட்டு வா.”

“ஓடலன்னா?”

“பலகைய இறக்கிருதேன். நீயே எடைக்குப் போட்டுக்கோ.”

சொல்லியாகிவிட்டது. பூசைக்கு நாலு நாள் இருக்கும்போது எல்லாம் பூட்டி முடிந்தது. ஹேண்டிலைச் சுற்றினால் எஞ்சின் ஒரு பெருமூச்சு விடும். அவ்வளவுதான். உள்ளங்கை மறுபடி உரிந்தது.

அன்றைக்கு மத்தியானம் கனவில் புகையோடு வாடையும் வந்தது. கண்ணை விழித்தால் மனைவி பாண்டிலட்சுமி தூக்குவாளியோடு நிற்கிறார்.

“என்ன, கண்ணுச்சாமி வந்துட்டுப் போனாரா?”

“முதுகத்தாம் காட்டுதாரு. இன்னிக்கு ஒரு வாடை வேற. பீடியும் இல்ல, பத்தியும் இல்ல. நீ கம்பெனி வேன்ல இருந்து எறங்கி வருவியே, அப்ப ஒஞ்சேலையில அடிக்குமே, அந்த வாடை.”

பாண்டிலட்சுமி வாளியைக் கீழே வைத்தார். வெடிக் கம்பெனியில் இருபத்தெட்டு வருசம் திரி செய்தவர். திரிக்கு வைத்த தாள் காய்ந்ததும் ஒரு துண்டைக் கிள்ளி, வெளியே மரத்தடியில் பற்றவைத்துப் பார்ப்பது அவர் பொறுப்பு.

“தீயா எரிஞ்சுதா?”

“தீ இல்ல. பொகைதான்.”

“அது வெடியுப்புத் தண்ணியில முக்கிக் காயவச்ச தாளுங்க. சொவாலை வராது. கங்கு மட்டும் ஊர்ந்துக்கிட்டே போவும். எஞ்சினுக்குள்ள சூடு பத்தலன்னு அந்த ஆளு அத உள்ள வச்சிருப்பாரு. வைக்கதுக்குக் குழி மாதிரி எங்கயும் இருந்துச்சா?”

பலவேசம் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார். அரித்த குழி என்று நினைத்தாரே, அது எஞ்சினைச் செய்தவன் வேண்டுமென்றே வைத்த குழி. அந்தத் திருகைத் தூக்கிப் போட்டுவிட்டு, குழியே இல்லாத ஒன்றைத் தன் கையாலேயே மினுக்கி, ஊருக்கெல்லாம் காட்டியாயிற்று. பழைய திருகு தனுஷ்கோடி கடையில் எந்தக் குவியலில் கிடக்கிறதோ. போய்க் கேட்பதற்குப் பலகையையே இறக்கிவிடலாம்.

“இருபத்தெட்டு வருசம் என்ன வேல பாத்தேன்னு ஒரு நா கேட்டிருக்கீகளா?” என்றார் பாண்டிலட்சுமி. “கேட்டிருந்தா கையாவது நோகாம இருந்திருக்கும்.”

பலவேசம் எழுந்துபோய், அந்த அழகான பித்தளை முனையில் டிரில் வைத்தார். பித்தளைத் தூள் மஞ்சளாக உதிர்ந்தது. பாண்டிலட்சுமி சுவரிலிருந்த தேதிக் காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டார். “வெடியுப்புத் தண்ணியில முக்கின பெறகு இங்கன காயவைக்கக் கூடாது. வெயில்லயும் கூடாது. நெழல்ல, நான் சொல்லுத எடத்துல” என்றார்.

ஆயுத பூசையன்றைக்கு எஞ்சினுக்குச் சந்தனம், மாலை, முன்னால் பொரிகடலை. தனுஷ்கோடி பன்னிரண்டு பேரோடு வந்தார். தங்கப்பாண்டியனும் வந்திருந்தான். பலவேசம் ஹேண்டிலைப் பிடித்தார்.

“எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க.”

திரும்பினார்கள். பாண்டிலட்சுமி மட்டும் திரும்பவில்லை. தாள் அவர் கையில் இருந்தது. பற்றவைத்து ஊதினார். கங்கு தேதி எண்ணுக்குள் மெல்ல ஊர்ந்தது. நூல்மாதிரி ஒரு புகை கிளம்பி, கனவில் போனதுபோலவே நிதானமாக மேலே போனது. பலவேசம் அதைத் திருகில் செருகி முடுக்கினார். முதல் சுற்றில் பெருமூச்சு. ரெண்டாம் சுற்றில் எஞ்சின் ஒரு தரம் இருமிவிட்டுப் பேச ஆரம்பித்தது. குத்துவிளக்குச் சுடர் அந்தத் தாளத்துக்கு ஆடியது.

தனுஷ்கோடி திரும்பிப் பார்த்தார். “என்ன மந்திரம்லே போட்ட?”

“எனக்கு எங்க தெரியும்? போட்டவ அங்கன நிக்கா, கேளு.”

“பொரி எடுத்துக்கிடுங்கண்ணே” என்றார் பாண்டிலட்சுமி.

எல்லாரும் போன பிறகும் எஞ்சினை நிறுத்த மனசில்லாமல் பலவேசம் கட்டிலில் சாய்ந்தார். கொட்டகை வந்தது. கண்ணுச்சாமி இந்தத் தடவை திரும்பினார். காய்ச்சலில் கண் சிவந்திருந்தது, முகமெல்லாம் வேர்வை.

“கெளம்பலன்னா எம் மொகத்தப் பாத்துருவீகன்னுதாம்லே திரும்பச் சொன்னேன்” என்றார்.

பலவேசம் தூக்கத்திலேயே சிரித்தார். டுபு டுபு சத்தம் கட்டில் கால் வழியாக முதுகுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. சாயந்தரம் பாண்டிலட்சுமி வந்து டீசலை அடைக்கும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.