மாமியார் முன்னால் கேட்ட கேள்வி

காளீஸ்வரி வீடு வீடாகப் போய்ச் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் பார்க்கிறவள். இரண்டு வருடத்துக்கு முன் அவள் கையில் ஒரு செல்போனையும் கொடுத்தார்கள். அதிலுள்ள கேள்விகளுக்குப் பதில் அமுக்கினால், யாருக்கு மார்புப் புற்றுநோய் வர வாய்ப்பு அதிகம் என்று அது சொல்லும். சிவப்பு வந்தால் அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் படம் எடுக்கக் கூப்பிடுவார்கள். பச்சை வந்தால் கூப்பிட மாட்டார்கள். கேள்வியை எழுதிய மகராசன் திருச்சுழிப் பக்கம் பெண் கட்டாதவன் போலிருக்கிறது. பிறந்த வீட்டில் யாருக்காவது இருந்ததா என்று மாமியாரை வைத்துக்கொண்டா கேட்பது?

தங்கச்செல்வி வீட்டில் அப்படித்தான் கேட்டாள். மாமியார் பெத்தம்மாள் முந்திக்கொண்டாள். "எங்க சம்மந்தி வீட்டுல அதெல்லாம் கெடையாது தாயி." தங்கச்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். அவளுடைய அம்மா பந்தல்குடியில் மார்பு புண்ணாகிச் செத்தவள். மகள்களைக் கட்டிக்கொடுக்க வேண்டுமே என்று ஊருக்குக் காமாலை என்று சொல்லிவிட்டார்கள். காளீஸ்வரியும் பந்தல்குடிக்காரிதான், அந்தச் சாவுக்குப் போனவள். தெரிந்தும் 'இல்லை' என்று அமுக்கினாள். பச்சை வந்தது.

கட்டி உடைந்த பிறகுதான் தங்கச்செல்வியை மதுரைக்குக் கொண்டுபோனார்கள். போன வருடம் செத்துப்போனாள். அதுவும் ஊருக்குக் காமாலைதான். இப்போது எந்த வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்டாலும் காளீஸ்வரிக்கு எதிரே குனிந்த தலைதான் தெரிகிறது. சோறு இறங்குவதில்லை. 'பாவி, நான்தானே அமுக்கினேன்' என்று தனியாகப் பேசிக்கொண்டு நடக்கிறாள்.

தங்கச்செல்வியின் தங்கை செல்வலட்சுமியும் அக்காள் வாழ்ந்த அதே ஊரில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவள் வீட்டில் காளீஸ்வரி யாரையும் கேட்காமல் 'ஆம்' என்று அமுக்கினாள். சிவப்பு வந்தது, ஆஸ்பத்திரியிலிருந்து போனும் வந்தது. யாரும் போகவில்லை. விசாரிக்கப் போனவளை மாமியார் ஜக்கம்மாள் வாசலிலேயே மறித்தாள்.

"நல்லாருக்க புள்ளைய எதுக்கு ஆஸ்பத்திரிக்கு இழுக்கிறீக? மிசினு சொன்னா ஆச்சா?"

உள்ளே செல்வலட்சுமி, சொல்லிவிடாதே என்று கண்ணாலேயே கெஞ்சினாள். பிறகு அவளும் தலையைக் குனிந்துகொண்டாள். அதைக் கண்டதும் காளீஸ்வரி ஜக்கம்மாள் பக்கம் திரும்பினாள்.

"மிசினு சொல்லல பெரியம்மா, நான் சொல்றேன். இவ ஆத்தாளுக்கு அந்த நோவுதான். அக்காளுக்கும் அதேதான். ரெண்டு சாவுலயும் நான் நின்னேன்."

பொய் சொல்லிப் பெண் கொடுத்துவிட்டார்கள் என்று ஜக்கம்மாள் ஒரு வாரம் வீட்டை இரண்டாக்கினாள். எட்டாம் நாள் அவளே மருமகளைப் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போனாள். சுண்டைக்காய் அளவு இருந்த கட்டியை எடுத்துவிட்டார்கள்.

செல்வலட்சுமி, வாசலில் விஷயம் உடைந்த அன்றோடு காளீஸ்வரியிடம் பேச்சை நிறுத்தியவள்தான். எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள். நடை அப்படியே அக்காளுடைய நடை. அவள் தெருக்கோடி திரும்புகிறவரை நின்று பார்த்துவிட்டுத்தான் காளீஸ்வரி அடுத்த வீட்டுக்குப் போகிறாள்.