நேர்ந்துவிட்ட சேவல்

அன்று முற்றத்தில் நின்றவர்கள் இவர்கள். கமக்காரர். அவருடைய மனைவி. கோழிச் சங்கத்திலிருந்து வந்த மனிதர். அண்ணை. நான். அண்ணையின் கைக்குள் ஒரு கறுத்தச் சேவல். அதன் கொண்டை நிமிர்ந்து நின்றது. பிரச்சினை முழுக்க அந்தக் கொண்டையில்தான்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. எங்கடின் என்ற உயர்ந்த மலைப்பகுதிக்குத் தெற்கே, மலை இறங்கி இத்தாலி எல்லையைத் தொடுகிற பள்ளத்தாக்கில் கமக்காரரின் பண்ணை இருந்தது. எங்களோடு வந்த பொடியன்கள் மேலே ஹோட்டல்களில் கோப்பை கழுவினார்கள். எனக்கும் அண்ணைக்கும் பண்ணை வேலை கிடைத்தது. அண்ணை என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. அகதி முகாமில் பக்கத்துக் கட்டில், அவ்வளவுதான். என்னைவிட நன்றாக மூத்தவர். ஊரில் மனைவியையும் மகளையும் விட்டுவிட்டு வந்தவர். பண்ணையில் எனக்கு மாடும் புல்லும். அவருக்குக் கோழிகள். நான் விடிய முதல் கமக்காரரோடு மேல் புல்வெளிக்கு ஏறினால் மத்தியானம்தான் இறங்குவேன். கோழிப் பக்கம் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாமல் போனதற்கு அதுதான் காரணம்.

அந்தக் கோழிகள் இந்த நாட்டின் பழைய இனம். முழுக் கறுப்பு, வெயில் பட்டால் பச்சையாக மினுங்கும். தாடைக்குக் கீழே தாடி மாதிரி இறகு. கொண்டை மட்டும் நிமிராது. ரோசாப்பூவை அமத்தி ஒட்டியதுபோலத் தலையோடு படிந்து கிடக்கும். நிமிர்ந்த கொண்டை மலைக் குளிரில் உறைந்து கருகிவிடும், படிந்த கொண்டைக்கு ஒன்றும் ஆகாது என்று கமக்காரர் சொல்வார். அந்தக் காலத்தில் எல்லோரும் கூட்டில் அடைத்து மண்ணிறக் கோழி வளர்க்கத் தொடங்கிவிட்டார்கள். இவர் மட்டும் பிடிவாதமாக இவற்றைத் திறந்துவிட்டு வளர்த்தார். வேலி கிடையாது. காலையில் கதவைத் திறந்தால் கஷ்கொட்டை மரங்களுக்குக் கீழே நாள் முழுக்கக் கிளறித் திரியும். முட்டை குறைவு. நரி வேறு வரும். இதனால் என்ன லாபம் என்று நான் கேட்டதில்லை. அவர் ஒரு நாளும் சொன்னதுமில்லை. மற்றப் பள்ளத்தாக்குகளில் நாலைந்து பேர் இதே இனத்தை வைத்திருந்தார்கள். அவர்களுக்கு இவருடைய குஞ்சுகள்தான் புது இரத்தம். வருடத்துக்கு ஒரு தடவை சங்கத்து மனிதர் வந்து குஞ்சுகளைப் பார்த்து, நல்லவற்றைத் தெரிந்து, கொண்டுபோய்க் கொடுப்பார்.

இலையுதிர் காலத்தில் மிச்சச் சேவல்களை வெட்டுவார்கள். அந்த முறை ஒன்றுக்குக் கொண்டை நிமிர்ந்துவிட்டது. அதுதான் முதலில் போகவேண்டியது. அண்ணை அதைத் தனக்குத் தரச்சொல்லிக் கையால் காட்டினார். கறிக்குக் கேட்கிறார் என்று நினைத்துக் கமக்காரர் கொடுத்துவிட்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன். மிளகாய்த்தூள் இருக்கிறதா என்றுகூடப் பார்த்தேன்.

அண்ணை அதை வெட்டவில்லை. காலில் சிவப்பு நூல் கட்டினார். தலையில் திருநீறு போட்டார். அப்போது ஊரில் சண்டை. மனைவி, மகள் எங்கே என்று பல வாரமாகத் தகவல் இல்லை. அவர்கள் கொழும்புக்கு வந்து சேர்ந்தால் முருகனுக்கு ஒரு சேவல் விடுகிறேன் என்று நேர்ந்திருந்தார். முன்கூட்டியே சேவலைக் குறித்து வைத்துவிட்டார். கோயில் எங்கே இருக்கிறது இங்கே என்று கேட்டேன். "மலை இருக்குத்தானே தம்பி. மலை எல்லாம் முருகன்ரைதான்" என்றார்.

மார்கழியில் தொலைபேசி வந்தது. இரண்டு பேரும் கொழும்பில். அண்ணை அடுப்படி நிலத்தில் அப்படியே இருந்துவிட்டார். கமக்காரரின் மனைவி அவருக்குச் சூடாகப் பால் கொடுத்தார். அன்றோடு அந்தச் சேவல் முருகனுடையது ஆகிவிட்டது.

சேவல் உயிரோடு திரிவதைக் கமக்காரர் பிறகுதான் கவனித்தார். என்னைக் கூப்பிட்டார். விளங்கப்படுத்த வேண்டியது நான். எனக்கு அப்போது தெரிந்த ஜெர்மன் மாடு, புல், வாளி, நாளைக்கு. நேர்த்திக்கடனுக்கு அதில் சொல் இல்லை. "கடவுளுக்குக் கொடுத்த கோழி" என்றேன். கடவுளுக்குக் கொடுத்தால் கடவுள் தன் வீட்டில் வைத்திருக்கட்டும், என் பெட்டைகளுக்குள் அதற்கு என்ன வேலை என்றார் அவர். அவருடைய மனைவிக்கு விளங்கிவிட்டது. அவரும் மாதாவுக்கு மெழுகுதிரி நேருகிறவர். அதைச் சொல்லிப் பார்த்தார். மெழுகுதிரி குஞ்சு பொரிக்காது என்றார் கமக்காரர். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். சேவல் இருக்கலாம். பழைய பன்றிக் கொட்டிலில், பூட்டிய கதவுக்குள். பெட்டைகளோடு சேரவே கூடாது. கதவுக்குக் கொளுக்கி அடித்ததே நான்தான். அண்ணையிடம் தெளிவாகச் சொன்னேன். ஓம் என்றார். இடையில் ஒரு தடவை கேட்டேன். பூட்டித்தான் இருக்கு என்றார். நான் கேட்டது பொழுதுபட்ட பிறகு. அந்த நேரம் அது பூட்டித்தான் இருந்தது.

ஆனி மாதம் சங்கத்து மனிதர் வந்தார். குஞ்சுகள் கொண்டை தெரிகிற அளவுக்கு வளர்ந்திருந்தன. ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். நிமிர்ந்த கொண்டை. கீழே விட்டார். இன்னொன்று. அதுவும் நிமிர்ந்தது. வேறொரு சேவல் ஓடுகிறதா என்று கேட்டார். கமக்காரர் அண்ணையைத்தான் பார்த்தார். அண்ணை மரங்களுக்குள் போய்ச் சேவலைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

நான் தமிழில் கேட்டேன். "திறந்து விட்டனீங்களோ?"

"ஓம். விடிய மரங்களுக்குள்ளை திறந்து விடுவன். பின்னேரம் பிடிச்சு அடைப்பன்."

"ஏன் அண்ணை? அவ்வளவு சொன்னனான்."

"நேர்ந்து விட்டதைக் கட்டி வைக்கிறதோ? விட்டது எண்டால் விட்டதுதான். அவள் வந்து சேர்ந்திட்டாள். நான் சேவலை அடைச்சு வைச்சால் அது என்ன நேர்த்தி?"

இதை நான் அப்படியே மாற்றிச் சொல்லவில்லை. சொல்லத் தெரியாது. திறந்துவிட்டார் என்று மட்டும் சொன்னேன்.

சங்கத்து மனிதர் மெதுவாக விளங்கப்படுத்தினார். கோபப்படவில்லை. கொண்டை நிமிர்ந்த குஞ்சுகளை மட்டும் கழித்தால் போதாது. படிந்த கொண்டையோடு நிற்பவற்றுக்குள்ளும் அந்தச் சேவலின் இரத்தம் இருக்கலாம். அடுத்த தலைமுறையில் வெளியே வரும். பாதிக்குமேல் கமக்காரரின் நல்ல சேவலுடைய குஞ்சுகளாகவே இருக்கலாம். எது எதனுடையது என்று ஒருவருக்கும் தெரியாது. ஆகவே ஒன்றையும் எடுக்க முடியாது. தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். கொண்டுவந்த பெட்டிகள் வெறுமையாகத் திரும்பிப் போயின.

முட்டைக்கு வளர்க்கிறவர்களிடம் குஞ்சுகளைக் கொடுக்கலாமே என்று கேட்டேன். கமக்காரரின் மனைவியும் கேட்டார். வெளியே போனால் என் கோழி என்று சொல்லித்தான் பெருக்குவார்கள், ஒன்றும் போகாது என்றார் கமக்காரர். பிறகு அண்ணையின் பக்கம் திரும்பினார். சேவல் இன்று போகவேண்டும், அல்லது நீ போகவேண்டும். இதை நான் மாற்றிச் சொல்லவேண்டி வரவில்லை. அண்ணைக்கு விளங்கியது. உள்ளே போய்ப் பையை எடுத்தார். சேவலை ஒரு கடதாசிப் பெட்டிக்குள் வைத்து மூடியில் ஓட்டை போட்டார்.

"நில்லுங்கோ அண்ணை. வெட்டச் சொல்லி விட்டிட்டு இன்னொண்டை நேரலாம்தானே" என்றேன்.

"அப்ப அவளும் பிள்ளையும்? அவையையும் திருப்பி அனுப்புறதோ?"

எனக்கு எரிச்சல் வந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் வரும். அவருடைய கணக்கு அவருக்குச் சரி. கமக்காரரின் கணக்கு அவருக்குச் சரி. இரண்டு பேரும் ஒரு விரற்கடை இறங்கவில்லை. நடுவில் நின்று இரண்டு பக்கமும் கதைத்த எனக்கு வாய் நொந்ததுதான் மிச்சம். ஒரு கொளுக்கி. மூடியபடி கிடந்திருந்தால் எல்லோரும் அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு இருந்திருப்போம்.

அண்ணை மேலே எங்கடினில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவப் போனார். ஹோட்டலுக்குப் பின்னால் கோழி வைத்திருந்த ஒரு கிழவி சேவலை ஏற்றுக்கொண்டாளாம். மேலே போன முதல் பனிக்காலத்திலேயே கொண்டை உறைந்து கருகி விழுந்துவிட்டதாம். தலை இப்போது மொட்டையாகப் படிந்து கிடக்கிறது, இனிச் சங்கத்துக்காரன் வந்து பார்க்கட்டும் என்று தொலைபேசியில் சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து அவருடைய மனைவியும் மகளும் வந்தார்கள். சூக் நகரத்தில் இருந்தார்கள். அந்த மகளுக்கு இப்போது வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். கலியாண வீடுகளில் கண்டால் மாமா என்று வந்து கதைப்பாள். சேவல் பற்றி அவளுக்குத் தெரியுமா என்று நான் கேட்டதில்லை. அண்ணை போய்ச் சேர்ந்துவிட்டார்.

பண்ணையில் நான் மேலும் சில வருடம் இருந்தேன். கமக்காரர் பழைய பெட்டைகளை வைத்து மறுபடி தொடங்கினார். அவற்றுக்கு வயதாகிவிட்டது. அடுத்த வசந்தத்தில் முட்டைகள் பெரும்பாலும் கூழாகிப் போயின. பிறகு வேறு பள்ளத்தாக்கில் இருந்து குஞ்சு வாங்கினார். அது அவருடைய கோழி இல்லை என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். இப்போது அந்த இனத்தைப் பலர் ஆசைக்கு வளர்க்கிறார்கள். நல்லது. அவருடைய கோழியின் வழி மட்டும் எங்கேயும் இல்லை.

அன்று அண்ணை பஸ் ஏறிய பிறகு கமக்காரர் கட்டையையும் கோடாலியையும் எடுத்துவந்தார். குஞ்சுகள் அண்ணைக்குப் பழகினவை. ஆள் வந்தால் தீன் என்று நினைத்துக் காலடிக்கு ஓடிவரும். எனக்கும் ஓடிவந்தன. துரத்தவேண்டி இருக்கவில்லை. குனிந்து எடுத்தேன், கொடுத்தேன். அவர் தன் மொழியில் எண்ணினார். நான் வாய்க்குள் தமிழில் எண்ணினேன். முடிந்ததும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். கணக்கு ஒன்றாகத்தான் வந்தது.

முப்பத்தெட்டு.